எரிவாயு படித்தவர்கள் ஊர்ப் பக்கமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயற்கை எரிவாயு பொறியியலில் மேற்படிப்பு எங்கே படிக்கலாம் என்று கேட்ட மாணவருக்கு உங்கள் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சொல்லியிருந்தீர்கள். அதில் தவறில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கிங்ஸ்வில்லில் வேதிப் பொறியியலோடு சேர்த்து இந்தப் பெயரில் ஒரு துறையே இருக்கிறது, நல்ல துறை. மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் பெட்ரோலியத்தோடு சேர்த்து முனைவர் பட்டம் வரை படிக்கலாம். ஆனால் அந்தத் துறைகள் ஏன் அந்த ஊர்களில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். தெற்கு டெக்சாஸ் முழுக்க எண்ணெய், வாயுக் கிணறுகள். மேற்கு வர்ஜீனியாவில் காலுக்கடியில் மார்செல்லஸ் என்ற வாயு நிறைந்த பாறைப் படுகை. வாயு எடுக்கிற ஊரிலேயே வாயுவைப் படிக்கிறார்கள். நாம் எடுக்கிறோம், எரிக்கிறோம், படிப்பதற்கு மட்டும் பிள்ளைகளைக் கடன் வாங்கி வெளியே அனுப்புகிறோம்.

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் தெர்மோடைனமிக்ஸ் (வெப்ப இயக்கவியல்) நடத்துகிறேன். குத்தாலத்தில் வாயுவில் ஓடும் மின் நிலையம் இருக்கிறது, 101 மெகாவாட். திருமாக்கோட்டையில் ஒன்று, ராமநாதபுரம் வழுதூரில் ஒன்று. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவை இறக்கும் முனையம் 2019இல் வந்தது, அங்கிருந்து தெற்கே தூத்துக்குடி வரைக்கும் குழாய்த் திட்டம். ராமநாதபுரம்–தூத்துக்குடி பகுதியை 2021 பிப்ரவரியில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இப்போது வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து சமையலறைக்கே குழாய் வருகிறது. நாட்டின் எரிசக்தியில் எரிவாயுவின் பங்கை 6 சதவீதத்திலிருந்து 2030க்குள் 15 ஆக்குவது மத்திய அரசின் இலக்கு.

சரி, பெட்ரோலியப் பொறியியலில் இதெல்லாம் வந்துவிடாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் வரும். ஐஐடி மெட்ராஸில் பெட்ரோலியத்தில் எம்.டெக். இருக்கிறது, தன்பாத்தில் இருக்கிறது, உத்தரப் பிரதேசத்தின் ஜாயஸில் இதற்கென்றே ராஜீவ் காந்தி நிறுவனம் இருக்கிறது, முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்விலும் 2017 முதல் பெட்ரோலியத்துக்குத் தனித்தாள் உண்டு. ஆனால் பெட்ரோலியப் படிப்பின் கனமெல்லாம் பூமிக்கு அடியில், கிணற்றில். எண்ணெயை எடுத்தால் தொட்டியில் ஊற்றி வைக்கலாம். வாயு அப்படி இருக்காது. ஒன்று குழாயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்து அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். கிணற்றை விட்டு வெளியே வந்த பிறகுதான் வாயுக்காரனின் வேலையே தொடங்குகிறது.

வகுப்பில் நான் போடும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 70 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) 30 டிகிரி வெப்பத்தில் வரும் வாயுவை ஒரு வால்வில் 20 பாருக்குக் குறைக்கிறோம் என்று வையுங்கள். ஒரு பார் குறைந்தால் சுமார் அரை டிகிரி குளிரும். 50 பாருக்கு 25 டிகிரி. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது குழாய்க்குள் 5 டிகிரிதான். வாயுவில் ஈரம் இருந்தால் அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் தண்ணீர் வாயுவின் மூலக்கூறுகளைச் சிறைப்பிடித்து ஐஸ் போலக் கட்டியாகிவிடலாம், தண்ணீர் உறைகிற பூஜ்யம் டிகிரிக்கு இறங்க வேண்டியதே இல்லை. ஹைட்ரேட் என்பது இதுதான். குழாயை அடைப்பது பனிக்கட்டி இல்லை, இந்த ஹைட்ரேட் என்று அமெரிக்காவில் ஹேமர்ஷ்மிட் என்பவர் 1934இலேயே எழுதினார். ஈரத்தை எடுப்பது, சூடாக்குவது, ஹைட்ரேட் கட்டாமல் தடுக்க மெத்தனால் அல்லது கிளைக்கால் என்ற வேதிப்பொருளை விடுவது, இதில் எதை எப்போது செய்வது என்பதே ஒரு பருவத்துக்கான பாடம். பிறகு கம்ப்ரசர் இருக்கிறது, அளவீடு இருக்கிறது, மண்ணுக்குள் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்காமல் சிறு மின்னோட்டத்தால் காக்கும் கத்தோடிக் பாதுகாப்புக் கொடுப்பது இருக்கிறது. அப்புறம் 70 பாரில் கிளம்பியதை வீட்டு அடுப்புக்கு 21 மில்லிபாராக, ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்காக இறக்குவது.

இந்த அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திராவில் நகரம் என்ற பெயருள்ள கிராமமே சாட்சி. அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், 2014 ஜூன் 27 அதிகாலை, குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் வெந்து செத்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயுவை விட்டிருந்தார்கள், அது உள்ளிருந்தே இரும்பை அரித்துவிட்டது. ஈரம் என்ற ஒரே விஷயம்தான். அந்த டெல்டாவும் நம் டெல்டா மாதிரியே தென்னையும் நெல்லும் உள்ள ஊர்.

நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கு வேலைவாய்ப்பைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், வாயுத் திட்டங்களை எதிர்த்து மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் கேட்ட கேள்விகள் ரொம்ப நேரானவை. இந்தக் குழாய் எத்தனை வருஷம் தாங்கும், கடைசியாக எப்போது சோதித்தீர்கள், என் வயலில் கசிந்தால் எனக்கு எப்படித் தெரியும். பதில் சொல்ல வந்தவர்கள் குழாயைப் போட்டவர்களின் சம்பளக்காரர்கள். மறுபக்கம் நின்று பேசியவர்களிடம் அக்கறை இருந்தது, கணக்கு இல்லை. இரண்டு பக்கத்தையும் சாராமல், சோதனை அறிக்கையை வாங்கிப் படித்து, இது சரி, இது ஆபத்து, இதை மூடு என்று ஊர்க்கூட்டத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆள் இல்லை. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020இல் சட்டம் வந்தது, புதிய கிணறுகளுக்கு அதில் தடை உண்டு, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஏற்கெனவே போட்ட கிணறும் குழாயும் வயதாகிக்கொண்டே மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றை யார் பார்ப்பது?

அதனால்தான் அரசுப் பல்கலைக்கழகத்தில், டெல்டாவிலேயே, எரிவாயு பொறியியலுக்கென்று ஒரு முதுநிலைத் துறை கேட்கிறேன். மெக்கானிக்கல், கெமிக்கல் படித்த யாரும் இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். பெரிய கட்டடம் வேண்டாம். வாயுவை ஓடவிட்டுச் சோதிக்க ஒரு குழாய் வளையம், ஒரு அளவீட்டு ஆய்வகம், துருவை ஆராய ஒரு அறை, பாடம் நடத்தக் களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அப்படிப்பட்டவர்கள் காரைக்காலிலும் நாகையிலும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். தமிழ்நாட்டின் முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வான சிஇஇடிஏ-பிஜி வழியாக ஆண்டுக்கு இருபது பேரை எடுத்தால் போதும், அதில் பாதிப் பேராவது இந்த மாவட்டங்களிலிருந்து வரட்டும். ஆய்வேடு எழுதும்போது பக்கத்து ஊர்க் குழாயையே எடுத்துக்கொள்ளட்டும், முடிவைப் பஞ்சாயத்திலும் ஒரு பிரதி வைக்கட்டும்.

கல்விப் பக்கத்தில் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உயர்கல்வித் துறையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பொறியியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை