படிப்பகச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் வழக்கம்போல் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்றும் கேரம் போட்டி ஒன்றும் நடந்தன. ஐப்பசி மழையில் படிப்பகத்துக்குள் தண்ணீர் புகுந்ததில் கீழ்த்தட்டிலிருந்த நாளிதழ்க் கட்டுகள் நனைந்து போயின. மற்றவற்றை முன்கூட்டியே மேலே ஏற்றி வைத்திருந்தோம்.

அடுத்து, சனிக்கிழமை மாலைகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நடத்திவரும் கலை வரலாற்று வகுப்பு. இதில் பிள்ளைகள் ஆளுக்கொரு பழைய புத்தகத்தை எடுத்து, அதன் பக்கங்களை அறுத்தும் ஒட்டியும் வண்ணம் தீட்டியும் நம் கலை வரலாற்றைப் பக்கம் பக்கமாகச் செய்து பார்க்கிறார்கள். இதைப் பற்றிச் செயற்குழுவிலேயே இரண்டு கேள்விகள் எழுந்தன. பழைய புத்தகத்தை அறுத்து ஒட்டுவதில் என்ன வரலாறு இருக்கிறது என்பது ஒன்று. காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் புத்தகத்தைப் பிள்ளைகள் கையால் வெட்ட வைக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். கேட்டவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வராததால் பதிலை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாம் எடுப்பவை எடைக்குப் போகவிருந்த புத்தகங்கள் மட்டுமே. காலாவதியான வருமான வரி வழிகாட்டி, பழைய தொலைபேசி விவரக் கையேடு, திருத்தம் வந்துவிட்ட சட்டத் தொகுப்பு, யாரும் கேட்காத கம்பெனி ஆண்டுமலர் போன்றவை. சமய நூல், தமிழ் இலக்கியம், பள்ளிப் பாடநூல், நூலக முத்திரையுள்ள நூல், கையெழுத்துக் குறிப்புள்ள நூல் ஆகியவற்றைத் தொடுவதில்லை. ஒரு புத்தகத்தில் கத்தி படுவதற்கு முன் பெரியவர்கள் இருவர் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த இருவரில் ஒருவராக இருக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். இந்தச் செய்தியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளை ஆண்டை மனப்பாடம் செய்யும். தேர்வு முடிந்ததும் மறக்கும். தன் கையால் கீழே ஓர் ஓவியமும் மேலே ஓர் ஓவியமும் தீட்டி, மேலதைக் கிழித்துக் கீழதை வெளியே கொண்டுவந்த பிள்ளை, 'ஒன்றின் மேல் ஒன்று' என்றால் என்ன, எது முந்தியது, எதைக் காப்பாற்ற எதைப் பெயர்க்க வேண்டியிருந்தது என்று தானே கேட்கத் தொடங்கும். புத்தகமும் அடுக்குகளால் ஆனதுதான். அதனால்தான் இந்தப் பாடத்துக்கு வெறும் சார்ட் பேப்பர் போதாது, பைண்டு செய்த புத்தகமே வேண்டும்.

எந்தப் புத்தகமும் இதற்கு ஆகிவிடாது. தையல் பைண்டிங் வேண்டும். முதுகின் மேல்முனையைப் பார்த்தால் பாரங்கள், அதாவது ஒன்றாக மடித்துத் தைத்த தாள் கட்டுகள், மடிந்து மடிந்து தெரிய வேண்டும். பாரத்தின் நடுவில் விரித்தால் நூல் தெரிய வேண்டும். பசை மட்டும் போட்ட பைண்டிங்கில் நாலு பக்கம் அறுத்தால் நாற்பது பக்கம் கையோடு வந்துவிடும். டெமி அளவு, 200 முதல் 300 பக்கம், கெட்டி அட்டை என்றால் நல்லது. ஆர்ட் பேப்பர் வேண்டாம். வழவழப்பில் பசை பிடிக்காது, வண்ணம் செதிலாக உதிரும். பழுத்த தாள் என்றால் ஒரு மூலையை முன்னும் பின்னும் இரண்டு முறை மடித்துப் பார்க்க வேண்டும். ஒடிந்தால் அந்தப் புத்தகம் எடைக்கே போகட்டும். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலும் நம் பகுதிக் காயலான் கடைகளிலும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கிறது.

அடுத்தது மெலிய வைப்பது. மேலே ஒட்டுவதும் பூசுவதும் சேரும்போது புத்தகம் பருத்து முதுகு வெடிக்கும். எனவே மூன்று தாளுக்கு ஒரு தாள் வீதம் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். கிழிக்கக் கூடாது. அடியில் அட்டை வைத்து, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, முதுகிலிருந்து அரை அங்குலம் விட்டுக் கட்டரால் அறுக்க வேண்டும். அந்த அரை அங்குலத் துண்டு இல்லையென்றால் அதே பாரத்தின் மறுபாதித் தாள் நூலில் நிற்காமல் கழன்று விழும். பிறகு, வேலை செய்யப்போகும் பக்கத்துக்கு நான்கு தாள்களை ஒன்றாக ஒட்டிக் கெட்டியாக்குகிறோம். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்தால் தாள் அலையலையாகும். தண்ணீர் விடாமல், பழைய பிளாஸ்டிக் கார்டின் விளிம்பால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லியதாக இழுக்க வேண்டும். இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, செங்கல் அடுக்கி, ஒரு ராத்திரி முழுக்க விட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதாது. காயாமல் மூடிய பக்கம் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். மைதாப் பசையைக் கைவிட்டோம். பூச்சி வராமலிருக்கப் பைண்டர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. கலக்காவிட்டால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் பக்கத்தையே தின்றுவிடும்.

அச்செழுத்தின் மேல் நேராக வண்ணம் தீட்டினால் எழுத்து மேலே தெரியும், மை மறுபக்கம் ஊறும். சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக் கலந்து குறுக்கில் ஒன்று, நெடுக்கில் ஒன்று என இரண்டு மெல்லிய பூச்சு. ஒரே தடித்த பூச்சாகப் போட்டால் பக்கத்தை மடக்கும்போது விரிசல் விடும். காய்ந்ததும் 220ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கிறோம். படம் ஒட்டுவதென்றால் ஜெராக்ஸ் பிரதிதான். இங்க்ஜெட்டில் எடுத்தது பசையின் ஈரத்தில் கரைந்து ஒழுகும்.

தஞ்சைப் பக்கத்தில் கீழடுக்காகச் சுந்தரர் வெள்ளையானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சி. காவி, மஞ்சள் காவி, பச்சை, விளக்குக் கரி, சுண்ணாம்பு வெள்ளை ஆகிய ஐந்து நிறங்களுக்கு மேல் அனுமதியில்லை. சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து, சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியது என்றார். சுண்ணாம்பைத் தாங்கும் நிறங்கள் குறைவு என்பதைப் பிள்ளைகள் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே புரிந்துகொள்கிறார்கள். மேலடுக்கு, அதே புத்தகத்தில் அறுத்தெடுத்த தாள். அதில் நாயக்கர் பாணியில் தீட்டி, முதுகோரம் அரை அங்குலம் மட்டும் பசை வைத்து ஒட்டி, நடுவில் திட்டுத் திட்டாகக் கிழித்துவிட வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. அக்ரிலிக் காய்ந்த பின்னும் நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டு படமும் போச்சு. கீழடுக்குக்குப் போஸ்டர் கலரும், இடையில் ஒரு பட்டர் பேப்பரும் வைத்தால் தப்பிக்கலாம். தஞ்சையில் தொல்லியல் துறை மேலடுக்கைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகையில் ஏற்றிக் காட்சிக்கு வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது, இப்படி ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரிக்க முயன்ற பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

சித்தன்னவாசல் தாமரைக் குளம் விதானத்தில் இருப்பது. அதை மேலட்டையின் உட்புறத்தில் தீட்ட வைத்து, புத்தகத்தைத் தலைக்கு மேல் விரித்துப் பார்க்கச் சொல்கிறோம். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியங்கள் துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கின்றன. அந்தப் பக்கத்தில் முழு உருவம் வரைந்து, பிறகு முக்கால் பாகத்தை வெள்ளைப் பூச்சால் மூடிவிட வேண்டும். எதை விட்டுவைப்பது என்று பிள்ளை யோசிக்கும் அந்த நேரம்தான் பாடம்.

செப்புத் திருமேனிக்குத்தான் புத்தகத்தின் கனம் உதவுகிறது. நாற்பது தாள்களின் மூன்று வெளி ஓரத்திலும் சரிபாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தூரிகையால் தடவி இறுக்கி வைக்கிறோம். இங்கே மட்டும் தண்ணீர் கலக்கலாம். பசை தாள்களுக்கு இடையே கொஞ்சம் ஊற வேண்டும். காய்ந்த பின் கடைசித் தாளுக்கு அடியில் கெட்டி அட்டையைச் செருகி, ஒரு தடவைக்கு நாலைந்து தாள் வீதம் அறுத்து மாடம் வெட்டுகிறோம். ஒரே மூச்சில் ஆழமாக அழுத்தினால் கத்தி சாய்ந்து அடித்தாளில் மாடம் குறுகிவிடும். பிளேடு முனை மழுங்கியதும் ஒடித்துவிட வேண்டும். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். மாடத்தில் களிமண் உருவத்தை வைக்கும்போது சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடிப்பதையும், அதன்மேல் வண்டல் மண் பூசிச் சுட்டு மெழுகை வெளியேற்றி உலோகம் ஊற்றுவதையும், அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று அமையாது என்பதையும் சொல்கிறோம். அவர்கள் தென்னை ஓலையை மடித்து அளவு எடுப்பதைப்போல, பிள்ளைகள் அறுத்த தாளின் ஓரத்தைப் பங்கு பங்காக மடித்து முகம், மார்பு, வயிறு என்று அளக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு இதற்குப் பிறகு அழைத்துப் போனோம். முன்னதாக அழைத்துப் போவதைவிட இதுவே சரி. என்ன பார்ப்பது என்று தெரிந்து நின்றார்கள்.

கடைசிப் பக்கம் கே. சி. எஸ். பணிக்கருடையது. 1850இல் தொடங்கிய நம் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். எழுத்தும் குறியும் கணக்கும் நிரம்பிய அவருடைய ஓவியங்களைக் காட்டிவிட்டு, புத்தகத்தின் அச்செழுத்தையே மூலப்பொருளாக்கச் சொல்கிறோம். வேண்டிய சொற்களைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டுவிட்டு மற்றவற்றை வண்ணத்தால் மூட வேண்டும். அதே 1966இல் இங்கிலாந்தில் டாம் பிலிப்ஸ் என்ற ஓவியர் பழைய நாவல் ஒன்றை வாங்கி, பக்கம் பக்கமாக இப்படித் தீட்டத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அதிலேயே உழைத்தார் என்பதையும் சொல்கிறோம். வரி வழிகாட்டியின் பக்கத்தில் ஒரு பெண் 'மொத்த', 'வருமானம்', 'இல்லை' என்ற மூன்று சொற்களை விட்டுவைத்து, சுற்றிலும் காசிமேட்டுப் படகுகளை வரைந்திருந்தாள். ஆண்டு இறுதிக் காட்சியில் எல்லாரும் நின்று பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். காட்சிக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த பள்ளி கடைசி வாரத்தில் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டதால், படிப்பக மேசைகளிலேயே பரப்பி வைத்தோம். வெளிச்சம் போதவில்லை, பார்க்க வந்த பெற்றோருக்கு நிற்க இடமில்லை.

இனி உறுப்பினர்கள் விஷயம். கத்தி பிடிக்கும் வேலையில் ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதற்காகப் போட்ட முறைப் பட்டியலில் பலர் மனமுவந்து கையெழுத்திட்டீர்கள். முறை வந்தபோது பாதிப்பேர் வரவில்லை. வரமாட்டோம் என்று தகவலும் இல்லை. ஆள் இல்லாத சனிக்கிழமைகளில் மாடம் வெட்டும் வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் படம் வரைய உட்கார வைத்தோம். அதனால் சிலர் புத்தகத்தை முடிக்காமலேயே ஆண்டு முடிந்தது. கேரம் போட்டிக்குத் திரண்டு வந்தவர்களில் ஒரு பகுதியினர் இதற்கும் வந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. செயற்குழுக் கூட்டங்களும், நடத்தத் தேவையான குறைவெண் வருகை இல்லாததால் தள்ளிப்போயின. வருத்தத்தோடுதான் இதைப் பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக: சந்தா, நன்கொடை, போட்டி நுழைவுக் கட்டணம் ஆகியவை வரவு, வாடகை, மின்கட்டணம், நாளிதழ், மழைக்குப் பின் தரை பழுதுபார்ப்பு, வகுப்புப் பொருட்கள் ஆகியவை செலவு. செலவு வரவைத் தாண்டியது. முந்தைய கையிருப்பிலிருந்து சரிக்கட்டினோம். வகுப்பால்தான் பற்றாக்குறை என்று பேச்சு இருப்பதாக அறிகிறேன். புத்தகங்கள் எடை விலைக்கு வந்தவை. ஸ்கேல், கட்டர், தூரிகை எல்லாம் பொதுவில் வைத்துப் பயன்படுத்துபவை. ஃபெவிகாலும் வண்ணமும்தான் தீர்ந்துபோகும் செலவு. பற்றாக்குறைக்குக் காரணம் சந்தா பாக்கி. ஓராண்டுக்கு மேல் செலுத்தாதவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. அந்த மரியாதையைப் பாக்கி வைத்திருப்பவர்களும் உணர வேண்டும்.

தலைவர் அவர்களுக்கும், கணக்கைப் பார்த்துக்கொண்ட பொருளாளர் அவர்களுக்கும், வாடகை தாமதமானபோது பொறுத்துக்கொண்ட கட்டட உரிமையாளருக்கும், ஓரத்தில் வெட்டிக் கழித்த மேப்லித்தோத் தாளை இலவசமாகத் தந்த ஆண்டர்சன் தெருக் கடைக்காரருக்கும், தையல் பைண்டிங்கைப் பிள்ளைகளுக்கு நேரில் பிரித்துக் காட்டிய தங்கசாலை பைண்டருக்கும் படிப்பகத்தின் நன்றி.

வரும் ஆண்டில் மாமல்லபுரப் புடைப்புச் சிற்பத்தைத் தாள் அடுக்குகளை வெவ்வேறு ஆழத்தில் வெட்டிச் செய்ய வேண்டும் என்று திட்டம் வைத்திருக்கிறேன். அதற்குத் தடித்த புத்தகங்களும், நல்ல விளக்கு இரண்டும், தரையிலிருந்து உயர்த்திய இரும்பு அலமாரி ஒன்றும் வேண்டும். அடுத்த மழைக்கு முன் இவை கிடைக்காமல் அந்த வேலையைத் தொடங்குவது சரியாகாது. செயலாளர் பொறுப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பது விதி. வகுப்பைத் தொடர்ந்து நடத்தத் தயாராக இருக்கும் எவரிடமும் சாவியை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். அப்படி யாரும் முன்வராவிட்டால், பிள்ளைகளுக்காக நானே தொடர்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் முறைப் பட்டியலில் போடும் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கும் என்ற உறுதி எனக்கு வேண்டும்.

பாக்கிச் சந்தாவைக் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். வீட்டில் தையல் பைண்டிங் உள்ள, யாரும் படிக்காத தடித்த புத்தகம் இருந்தால் எடைக்குப் போடுமுன் படிப்பகத்தில் காட்டவும். முறைப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. ஜூன் மாதத்துக்கு இன்னும் நான்கு சனிக்கிழமைகளுக்கும் பெயர் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்