துணைக்கோள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது: இயற்பியல் பாடம் எழுதுவோருக்கும் கற்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வட்ட இயக்கம் பற்றிய பாடங்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் ஒரு விளக்கத்தைத் திருத்துமாறு வேண்டி இம்மடலை எழுதுகிறேன். புவியைச் சுற்றும் செயற்கைக்கோளின்மீது உள்நோக்கி ஈர்ப்பு விசையும் வெளிநோக்கி மையவிலக்கு விசையும் சம அளவில் செயல்படுவதாகவும், அவை ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் அது கீழே விழுவதில்லை என்றும் சொல்லித்தருகிறார்கள். மாணவப் பருவத்தில் நானும் அதையே மனனம் செய்து எழுதி, முழு மதிப்பெண் பெற்றேன்.

இரு விசைகளும் உண்மையிலேயே ஈடாகிவிட்டால் தொகுபயன் விசை சுழியாகும். நியூட்டனின் முதல் விதிப்படி செயற்கைக்கோள் நேர்கோட்டில் சென்று புவியை விட்டு அகன்றுவிட வேண்டும். அது வளைந்து செல்வதே, ஈடுசெய்யப்படாத விசை ஒன்று அதன்மீது செயல்படுவதற்குச் சான்று. முதல் விதியைக் கற்பித்துவிட்டுச் சில பக்கங்கள் தள்ளி அதற்கு முரணாக எழுதும்போது, கவனமாகப் படிக்கும் மாணவர்தான் அதிகம் குழம்புகிறார்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 400 கி.மீ. உயரத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருப்பதால், ஒரு நொடியில் நிலையம் தன் தொடுகோட்டிலிருந்து புவியை நோக்கி சுமார் 4.3 மீட்டர் விழுகிறது. அந்த 7.7 கி.மீ. தொலைவுக்குள் வட்டப்பாதையும் தொடுகோட்டிலிருந்து அதே 4.3 மீட்டர்தான் விலகுகிறது. ஆகவே விழுந்துகொண்டே இருந்தும் உயரம் குறைவதில்லை. உள்ளே இருப்பவர்கள் மிதப்பதற்கும் காரணம் ஈர்ப்பு இல்லாமை அன்று. நிலையத்தோடு சேர்ந்து அவர்களும் விழுகிறார்கள்.

நிலவின் கணக்கு இதைவிட அழகானது. நிலவு புவியின் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு தொலைவில் இருப்பதால், எதிர்இருமடி விதிப்படி (தொலைவின் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும் என்ற விதி) அங்கே முடுக்கம், தரையில் உள்ள ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஐ 60-இன் இருமடியான 3,600-ஆல் வகுத்தது, அதாவது 0.0027 மீ/நொடி². 27.3 நாள் சுற்றுக்காலத்தையும் 3,84,400 கி.மீ. தொலைவையும் கொண்டு வேகத்தைக் கண்டு, அதன் இருமடியை ஆரத்தால் வகுத்தாலும் அதே 0.0027 கிடைக்கிறது. எறிந்த கல்லை வீழ்த்தும் விசையே நிலவையும் வளைக்கிறது என்பதை மாணவர் தம் கையாலேயே கண்டறியும் இந்த வாய்ப்பை, மனப்பாட வாக்கியம் ஒன்றுக்காக நாம் பறித்துவிடக் கூடாது.

மையவிலக்கு விசையை அடியோடு நீக்கக் கோரவில்லை. செயற்கைக்கோளோடு சேர்ந்து சுழலும் குறிப்பாயத்தில், அதாவது அதனுடன் சுழன்றபடி பார்ப்பவரின் நோக்கில், செயற்கைக்கோள் ஓய்வில் இருப்பதாகத் தோன்றும். அங்கே அந்தப் போலி விசையைச் சேர்த்துச் சமநிலை எழுதுவது முறையே. எந்தக் குறிப்பாயம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

தரையிலிருந்து பார்ப்பதாக வரையும் படத்தில், விசைக்குப் புவியின் மையம் நோக்கிய ஒரே அம்புக்குறி போதும். தொடுகோட்டுத் திசையிலான திசைவேகத்தை வேறு நிறத்தில் காட்டுங்கள். விடைக்குறிப்பிலும் "இரு விசைகளும் ஈடாகின்றன" என்பதை நீக்கி, "ஈர்ப்பு விசையே மையநோக்கு விசையாகச் செயல்படுகிறது" என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் வாசகர் ஒருவர்