மூட்டைப்பூச்சியின் தாய்வீட்டுச் சீதனம்

அன்புள்ள முருகேசா,

வாழைத்தார் விலை தேறியதா? உன் முழங்கால் வலி எப்படி? இங்கே எல்லோரும் சுகம், தூக்கம்தான் இல்லை. பெரியவன் வேலை விஷயமாக ஊர் ஊராய்ச் சுற்றி வந்தான், அவன் பெட்டியோடு மூட்டைப்பூச்சியும் வந்து இறங்கிவிட்டது. ஹாஸ்டலில் கட்டிலை மொட்டைமாடி வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றுவோமே, நசுக்கினால் ஒரு வாடை வருமே, அதே வாடை! ஆள் வந்து இரண்டு தடவை மருந்து அடித்துப் போனார். பத்தே நாளில் மெத்தைத் தையலோரம் மறுபடியும் கறுப்புப் புள்ளிகள். இப்போதைய மருந்துகள் பலவற்றை அது தாங்கப் பழகிவிட்டது.

சரி, தூங்காதவன் என்ன செய்வான், படித்தேன். வெறும் இரத்தத்தைக் குடித்தே ஒரு பூச்சி எப்படி வாழ்கிறது என்று யோசித்திருக்கிறாயா? இரத்தத்தில் பி வைட்டமின் போதாது. அதை ஆக்கிப்போடுவது அதன் வயிற்றுக்குள் தனி அறை போட்டுக் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. (டெங்குக் கொசுவை அடக்கப் புதுச்சேரியில் கொசுவுக்குள் ஏற்றினார்களே, அதன் பங்காளிதான்.) 2010இல் ஜப்பானில் இரத்தத்தோடு ஆன்டிபயாடிக் கலந்து ஊட்டிப் பார்த்திருக்கிறார்கள். பாக்டீரியா போனதும் பூச்சி வளராமல் சவலையாகி, வம்சமும் விருத்தியாகவில்லை. பி வைட்டமின் சேர்த்துக் கொடுத்ததும் தேறிக்கொண்டதாம். இந்தப் பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகிறது, சீதனம் மாதிரி. அவர்கள் பார்த்தது குளிர்நாட்டு வகை, நம்மூரில் அதிகம் இருப்பது அதன் வெப்பநாட்டு உறவு.

இனிமேல்தான் உன் சமாச்சாரம். நீ வாழைக் கூன்வண்டுக்குப் போடுகிற பிவேரியா பூஞ்சாணம் இருக்கிறதல்லவா, அதை எண்ணெயில் கலந்து மூட்டைப்பூச்சிக்கே அமெரிக்காவில் விற்கிறார்கள். பென்சில்வேனியாவில் சோதித்தபோது, தெளித்த துணிமேல் நடந்த பூச்சிகள் ஐந்து நாளில் காலி. விதைத்தூள் காலில் ஒட்டி, தோலைத் துளைத்து உள்ளே முளைக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது வேறு: பூச்சி உடனே சாவதில்லை, சந்துக்குத் திரும்பிப் போய், வெளியே வராத சொந்தபந்தத்துக்கும் ஒட்டவைக்கிறது. நம் ஸ்பிரே போகாத இடத்துக்கு அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது பார்!

இவளிடம் சொன்னேன், "மெத்தையில் பூஞ்சணம் வளர்க்கப் போகிறீர்களா?" என்றாள். வயலுக்கான உன் பொட்டலத்தை அனுப்பிவைக்காதே, அது படுக்கைக்கானதல்ல. நீராவி அடிக்கிற ஆளைச் சொல்லியிருக்கிறேன்.

சின்னவள் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். பெட்டியை மட்டும் திண்ணையோடு வைத்துவிடுகிறேன், உள்ளே கொண்டுவரச் சொல்லி வம்பு பண்ணாதே.

உன்,
சுந்தரம்