செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போரான நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள், மழையால் தள்ளிப்போன ஒன்றைத் தவிர, ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எதைப் பேச உட்கார்ந்தாலும் பேச்சு அயிப்டேசியாவில் போய்த்தான் முடிந்தது. இந்த அறிக்கையும் அப்படியே.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாறையில் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடும் சிறு கடல் சாமந்தி இது, பூப்போலத் தெரியும் உயிரினம். இளம்பழுப்பு நிறம், கண்ணாடி போன்ற உடல், தலையில் குட்டித் தென்னை மாதிரி விரிந்த, கொட்டும் உணரிழைகள். வந்த புதிதில் விருந்தாளி வந்ததாகவே தோன்றும். பக்கத்துப் பவளம் சுருங்க ஆரம்பிக்கும்போதுதான் விஷயம் புரியும்.

என் குட்டை நானே உடைக்கிறேன். ஏப்ரலில் என் தொட்டியில் மூன்று இருந்தன. பிளேடால் சுரண்டினேன். அதன் பாதத்தில் ஒரு துணுக்கு பாறையில் தங்கினாலும் அது தனிச் சாமந்தியாக வளர்ந்துவிடும். ஆடி பிறப்பதற்குள் எண்ணுவதையே விட்டுவிட்டேன். யாரும் சுரண்டாதீர்கள்.

ஜூலைக் கூட்டத்தில் இதைக் கொல்லும் சுண்ணாம்பு முறையைச் செய்து காட்டினோம். கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்.ஓ. தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, சிரிஞ்சில் ஏற்றி, பம்பை நிறுத்திவிட்டு ஊசியைச் சாமந்தியின் வாயருகே மெல்லக் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் சட்டென்று பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும். பொறுமையாகப் போனால் இரை என்று நினைத்து வாயில் வாங்கிக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். நீரின் பி.ஹெச். ஏறும் என்பதால் ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு போதாதா என்று கேட்டார்கள். அடிப்படையில் அதே பொருள்தான். ஆனால் டப்பாவில் கூடவே என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது?

பாறையை அடுப்பில் கொதிக்க வைக்கப்போவதாக ஓர் உறுப்பினர் சொன்னபோது நல்லவேளை தலைவர் தடுத்தார். பாறையில் சோவாந்திட் என்ற பவளம் போன்ற உயிரி இருந்தால் அதன் நஞ்சு ஆவியோடு கிளம்பி வீட்டில் உள்ளவர்களையே படுக்கையில் தள்ளிவிடும்.

சாமந்தியைத் தின்னும் என்று சங்கப் பணத்தில் வாங்கிய பெப்பர்மின்ட் இறால்கள் இந்த ஆண்டு வீடு வீடாகப் போய்வந்தன. மீன்தீனி தாராளமாகக் கிடைக்கும் தொட்டியில் அவை சாமந்தியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தீனியைக் குறைத்த வீடுகளில்தான் வேலை நடந்தது. முதல் முறை கொளத்தூரில் வாங்கி வந்தவை ஒட்டக இறால்களாகப் போய்விட்டன. முதுகில் கூனும் வெள்ளைக் கோடுகளும் இருந்தால் அது வேறு ஜாதி, பவளத்தையும் கடிக்கும். பார்த்து வாங்காதது என் பிழை. அப்புறம், இறால் செத்துவிட்டதாக ராத்திரி பதினொரு மணிக்கு வந்த அழைப்புகளில் பாதி, அது உரித்துப்போட்ட சட்டையைப் பார்த்துச் செய்தவை.

மன்னார் வளைகுடாப் பாறை என்று யாராவது ரகசியமாக விற்க வந்தால் வாங்காதீர்கள். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. காய்ந்த பாறையில் தொட்டி அமைத்தால் நிலைபெற நாள் பிடிக்கும், ஆனால் பாறை வழியே இந்தத் தொல்லை வராது.

என் தொட்டியில் இப்போது கண்ணுக்குத் தெரிந்து இரண்டு உள்ளன, இரண்டும் பம்புக்குப் பின்னால். இறால்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்று தெரியவில்லை. வைத்திருப்பவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்