அடுப்புக்கு மேலே போகும் குழாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நியூயார்க்கில் எழும்பப்போகும் வானளாவிய குடியிருப்பு ஒன்றின் சமையலறைகளை வரையும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. அடுப்பு முதலான சமையலறைக் கருவிகளை எந்த ஜெர்மன் நிறுவனத்திடம் வாங்கலாம், மீலேயா, காகனாவா என்று கேட்டிருந்தாய். 1899-ல் பால் ஏடு பிரிக்கும் இயந்திரத்தோடு தொழில் தொடங்கியது மீலே; 1683-ல் இரும்பு உலைக்களமாகப் பிறந்தது காகனா. துபாயில் இருபத்திரண்டு ஆண்டுகள் இவற்றைச் சுவருக்குள் பொருத்திய எனக்கு இரண்டின் மீதும் மதிப்பு உண்டு. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடு. ஆனால் அடுப்புக்கு மேலே போகும் புகைக்குழாயை முதலில் வரைந்துவிடு.

472 மீட்டர் உயரமுள்ள நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் டவர் போன்ற கட்டடங்களில் குளிர்காலத்தில் உள்ளிருக்கும் வெப்பக்காற்று மேலேறத் துடிக்கும். துபாயின் கோடையிலோ உள்ளே குளிரூட்டிய காற்று கீழே இறங்கும். வெளிச்சுவரில் மோதும் காற்றும் சேர்ந்துகொண்டால், மின்விசிறி வெளியே தள்ளும் புகை வந்த வழியே திரும்பும். தனிக்குழாய்க்கு இடம் ஒதுக்கினால் விற்கும் பரப்பு குறைகிறது என்பதால், புகையைக் கரி வடிகட்டியில் செலுத்தி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் ஹூடை, அதாவது அடுப்புக்கு மேலே மாட்டும் புகை உறிஞ்சியை, சிலர் பொருத்திவிடுகிறார்கள். அந்தக் கரி வாடையைக் குறைக்கும். ஆவியையும் வெப்பத்தையும் அதனால் பிடித்துவைக்க முடியாது.

ஒருமுறை, அறுபதாவது மாடிக்கும் மேலே இருந்த நம் ஊர்க் குடும்பத்தின் வீட்டுக்கு, ஹூடு பழுது என்று என்னை அனுப்பினார்கள். அலுமினிய வலையைக் கழற்றினேன். எண்ணெய் தேன்போல் இறுகியிருந்தது. கட்டைவிரல் வைத்த இடத்தில் ரேகை அப்படியே பதிந்தது. அடுப்புக்கு நேர் மேலே கூரைப்பூச்சு உப்பி மஞ்சளாகியிருந்தது. இயந்திரத்தில் பழுது எதுவுமில்லை; புகை வெளியேறக் குழாய்தான் இல்லை. "மீன் குழம்பு வைப்பதையே விட்டுவிட்டேன் தம்பி, தாளிப்பதற்கும் பயமாக இருக்கிறது" என்று அந்த அம்மா தன் மீது குற்றம் இருப்பதுபோல் தலைகுனிந்து சொன்னார். அத்தனை விலை கொடுத்து வாங்கிய வீட்டில் ஒருவர் கடுகு வெடிக்கவிட அஞ்சி நின்றதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆகவே அம்மா, குழாய் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது, அங்கே காற்றழுத்தம் எவ்வளவு என்று காற்றோட்டப் பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்கு. குழாய்க்கு வழியே இல்லாத வீடுகளில், முன்வரிசை அடுப்பையும் மூடுமளவுக்கு ஹூடு முன்னே நீண்டிருக்கட்டும். கனமான சட்டியை எல்லோரும் முன்வரிசையில்தான் வைக்கிறார்கள். வடிகட்டி, ஏணி போடாமல் கை நீட்டிக் கழற்றும் உயரத்தில் இருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் புகையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. எரிவாயுவின் புகைதான் இருக்காது; எண்ணெய்ப் புகை அப்படியே வரும்.

வரைபடம் தயாரானதும் அனுப்பு. கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா