நார்த் ஹெட் பாறை எழுத்துகளைத் தொட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிட்னியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம்மவர்கள் பலர் நார்த் ஹெட் முனைக்கும் போகிறார்கள். கடலைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அதே முனையின் துறைமுகப் பக்கச் சரிவில், 1830களில் தொடங்கி 1984 வரை கப்பல் பயணிகளைத் தனிமைப்படுத்தி வைத்த நிலையம் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்.

நகர மையத்தில் உள்ள சர்குலர் கீ படகு நிலையத்திலிருந்து, முனைக்கு அருகிலுள்ள மேன்லிக்குப் படகில் அரை மணி நேரம். அங்கிருந்து பேருந்து உண்டு. காரை மேலேயே நிறுத்திவிட வேண்டும். மேலிருந்து சுற்றத் தொடங்கினால் எது எதற்கு என்று பிடிபடாது. முதலில் தனிமைப்படுத்தும் நிலையத்தின் படகுத்துறைக்கு இறங்கி, அன்றைய பயணிகள் வந்த வரிசையிலேயே ஏறி வாருங்கள். சாமான் கிடங்கு இப்போது அருங்காட்சியகம். அதையடுத்த கிருமிநீக்கக் கூடத்தில் உள்ள பெரிய நீராவிக் கலன்களுக்கு இரு முனையிலும் கதவு. ஒரு பக்கம் தண்டவாள வண்டியில் உள்ளே போன துணிமணி மறுபக்கம்தான் வெளியே வரும். சுத்தமானதும் அழுக்கும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. பயணிகளுக்கோ கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினி கலந்த நீரில் குளியல். பிறகு முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று தனித்தனி விடுதிகள். ஆசியர்களுக்கு வேறாக, வசதி குறைந்த இடம். அதை அவசியம் பாருங்கள். குளியலறை, மருத்துவமனை போன்றவற்றின் உள்ளே போக வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுக்கு முன்பதிவு தேவை.

பெரியம்மை தொற்றியது வெளியே தெரியவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதனால் நோயில்லாதவர்களும் இங்கே காத்துக் கிடந்தார்கள். அப்போது அவர்கள் பாறையில் செதுக்கிய கப்பல் பெயர்கள், ஆட்களின் பெயர்கள், தேதிகள் 1,500க்கும் மேல் உள்ளன. இங்கேதான் என் வேண்டுகோள். எழுத்து மங்கலாக இருக்கிறதென்று விரலால் தடவுவதும், படத்தில் தெளிவாக விழச் சுண்ணக்கட்டியால் தீட்டுவதும் கூடவே கூடாது. அது மணற்பாறை. கடற்காற்றின் உப்பு ஏறி மேல்தோல் ஏற்கெனவே பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. விரல் பட்டால் எழுத்தின் விளிம்பு மணலாகக் கையோடு வரும், போனது போனதுதான். கைப்பேசி விளக்கைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து, கண்ணுக்குத் தட்டுப்படாத எழுத்தும் எழும்பித் தெரியும். நேரே ஃபிளாஷ் அடித்தால் ஒன்றும் விழாது.

இருட்டிய பின் காரில் திரும்புவோர் மெதுவாக ஓட்டுங்கள். இந்த முனையில் அருகிவரும் நீள்மூக்கு பாண்டிகூட்கள் (வயிற்றில் பையுள்ள சிறு விலங்குகள்; நம்மூர்ப் பெருச்சாளி அல்ல) இரை தேடி அந்த நேரத்தில்தான் சாலைக்கு வருகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிட்னி