மூன்று பக்கத் தாளில் ஒரு கையெழுத்து

இந்த ஆகஸ்டில் பிள்ளையை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பும் கலிஃபோர்னியாத் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு தாள் கொண்டுவரும். எங்கள் வீட்டுக்கு வந்தவற்றில் ஆங்கில வகுப்பினுடையதுதான் நீளம், மூன்று பக்கம். மேலே ‘சிலபஸ்’ என்று போட்டிருந்தது. என்னென்ன பாடம் என்று இருக்கும், அதை டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அதையும் மாணவர் போட வேண்டிய கோட்டில் போட்டுவிட்டேன். “அப்பா, அது என்னோட இடம்” என்றாள் மகள். அந்த வருடம் நான் செய்த தப்பெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரே ரகம்தான். அதனால்தான் இந்த மடல்.

நம் ஊரில் சிலபஸ் என்றால் போர்ஷன். இங்கே அது வகுப்பின் சட்டதிட்டம். எதற்கு எத்தனை சதவீதம், தாமதமாகக் கொடுத்தால் என்ன, பார்த்து எழுதினால் என்ன, கைபேசி எங்கே இருக்க வேண்டும், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில்கூட விதி மாறும். ஒருவர் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 10 சதவீதம் குறைப்பார். இன்னொருவர் அந்தப் பாடப்பகுதி முடியும்வரை எப்போது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், முடிந்த மறுநாள் கொண்டுபோனால் பூஜ்யம் போடுவார். ஆகவே போன வருடம் ஒன்பதாவது முடித்த பிள்ளையின் அம்மா வாட்ஸ்அப்பில் சொன்னது உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. நான் சொல்வதும்தான். தாளைப் படியுங்கள்.

இப்போது கட்டுரைக்கு வருகிறேன். நான் அடிபட்ட இடம் அது.

நாமெல்லாம் கைடு வைத்துப் படித்தவர்கள். ஆங்கிலத்தில் கட்டுரை என்றால் கைடில் இருப்பதை உருப்போட்டு, கமா மாறாமல் இறக்கிவைத்தவனுக்குத்தான் மார்க். அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. ‘நல்லா படிக்கிற பையன்’ என்றுதான் சொன்னார்கள். அதே காரியத்துக்கு இங்கே பெயர் பிளேஜரிசம். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தைச் சொல்லாமல் விட்டாலும் அதுதான். தாளில் ‘எம்எல்ஏ ஃபார்மட்’ என்று ஒரு வரி இருக்கும். தொகுதி எம்எல்ஏ இல்லை, மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற சங்கம் வகுத்த முறை. நாலு ஓரமும் ஓர் அங்குலம் விட வேண்டும், வரிகளுக்கு இரட்டை இடைவெளி வேண்டும், மேற்கோள் முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயரும் பக்க எண்ணும் வர வேண்டும், கடைசியில் எடுத்தாண்டவற்றின் பட்டியல். பார்த்தால் வெறும் சடங்கு மாதிரித் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இது என் யோசனை, இது அடுத்தவருடையது என்று பிரித்துக் காட்டுவதற்குத்தான் அத்தனை ஏற்பாடும் என்பது அடிபட்ட பிறகு புரிந்தது.

அக்டோபரில் முதல் பெரிய கட்டுரை. ஒரு பழைய நாடகத்தில் நடக்கும் சாவுக்கு யார் பொறுப்பு என்று வாதிட வேண்டும். மகள் எழுதி முடித்துவிட்டுத் தூங்கப் போனாள். நான் சும்மா இருக்காமல் இரவு பதினொரு மணிக்குத் திறந்து பார்த்தேன். ‘அந்த அப்பா கடைசிவரை காது கொடுத்துக் கேட்கவே இல்லை’ என்று சின்னதாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். எனக்கு அது போதவில்லை. இருபது வருடமாக ஆபீஸில் டிசைன் டாக்குமெண்ட் எழுதும் கை அல்லவா, ‘ஃபர்தர்மோர்’ போட்டு அதை மூன்று வரிக்கு இழுத்தேன். அப்புறம் அடுத்த பத்தி. அதற்கடுத்த பத்தி.

கூகுள் டாக்ஸில் எழுதியதன் முழு வரலாறும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும், மென்பொருள் எழுதிப் பிழைப்பவன்தான். அதை ஓர் ஆங்கில டீச்சர் திறந்து பார்ப்பார் என்றுதான் தோன்றவில்லை. இருபது நிமிடத்தில் நாலு பத்தி உருமாறியது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. ஓரத்தில் ‘இது யாருடைய வாக்கியம்?’ என்று மட்டும் கேட்டிருந்தார். மார்க் போடவில்லை, ஒரு வாரத்தில் திரும்ப எழுதித் தரச் சொன்னார். அவளே எழுதியதற்கு பி வந்தது. நான் முகம் சுளித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்குவது ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி. அதனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நான்கு வருட ஆங்கிலம் கேட்கிறது, ஒவ்வொரு வருடமும் சி-யாவது வாங்கியிருக்க வேண்டும். ஆனால் சேர்க்கைக்கு அது கணக்கிடும் ஜிபிஏயில் வருவது பத்தும் பதினொன்றும்தான். ஒன்பதாம் வகுப்பு கிரேடு விண்ணப்பத்தில் தெரியும், அந்தக் கூட்டலில் சேராது. வேறு சில கல்லூரிகள் சேர்த்துப் பார்க்கும், அது உண்மை. இருந்தாலும் பிள்ளை சொந்தமாக எழுதி ஒரு பி வாங்குவதற்கு இதைவிடச் சேதமில்லாத வருடம் கிடைக்காது.

அடுத்து, வகுப்பில் பேசுவது. வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையைப் பற்றி மாணவர்களே பேசிக்கொள்ளும் ‘சாக்ரடிக் செமினார்’ பல வகுப்புகளில் உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். பிறகு பார்டிசிபேஷனில் ஏன் குறைந்தது என்று பிள்ளையையே கேட்கிறோம். அது என்ன செய்யும்? சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் சொன்ன ஏதோ ஒன்றை அது மறுத்துப் பேசினால் ஒரு தடவை பேச விட்டுப் பாருங்கள். என் அம்மாவுக்கு இந்த ஆலோசனை பிடிக்காது.

பள்ளி மார்க்குகளை ஏற்றும் இணையதளமான போர்ட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்க் ஏறியதும் நம் கைபேசியில் மணி அடிக்கும். நான் மீட்டிங்கில் இருந்தபடியே, 10க்கு 7 ஏன் என்று கேட்டு ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடித்து டீச்சருக்கு மின்னஞ்சல் அனுப்பியவன். அது சாயங்காலம் மகளுக்குத் தெரிந்தபோது அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிள்ளையின் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் இப்போது நமக்குத் தருகிறது. 18 வயதாகிவிட்டாலோ கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ அது பிள்ளையின் உரிமையாகிவிடும், அதன் அனுமதி இல்லாமல் பேராசிரியர் நம்மிடம் மார்க்கைப் பற்றிப் பேச மாட்டார். அதற்குள் பிள்ளை தானே போய்க் கேட்கப் பழகியிருக்க வேண்டும். சந்தேகத்தை அதுவே டீச்சருக்கு எழுதட்டும், அல்லது வகுப்பு முடிந்ததும் நேரில் கேட்கட்டும். பதில் வராவிட்டாலோ நிஜமாகவே அநியாயம் நடந்தாலோ நாம் போகலாம். 10க்கு 7 அநியாயம் இல்லை.

கைபேசி விதி சுலபம். 2024இல் கையெழுத்தான மாநிலச் சட்டம், எல்லாப் பள்ளி மாவட்டங்களும் 2026 ஜூலை 1க்குள் இதற்கொரு கட்டுப்பாடு வகுத்தாக வேண்டும் என்கிறது. நாம் செய்ய வேண்டியது, மூன்றாவது பீரியட் நடுவில் ‘சாப்பிட்டியா’ என்று அனுப்பாமல் இருப்பது.

செயற்கை நுண்ணறிவு அவ்வளவு சுலபம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பள்ளிகள் மேலும் எனக்குக் குறை உண்டு. சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். அதற்குப் பிறகு எழுதப்பட்ட தாள்களில் ‘ஏஐ கூடாது’ என்ற வரி இருக்கும், எது ஏஐ என்ற விளக்கம் பல நேரம் இருக்காது. எழுத்துப்பிழை திருத்தும் கருவி சேர்த்தியா? யோசனை மட்டும் கேட்டால்? பிள்ளையை முதல் வாரமே கேட்கச் சொல்லுங்கள். கண்டுபிடிக்கும் கருவிகளை முழுதாக நம்பவும் முடியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகச் சொன்னதை 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியாவிலிருந்து போன வருடம்தான் வந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். வேறெங்கோ எழுதி ஒட்டாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே கூகுள் டாக்கில் எழுதட்டும். என்னைக் காட்டிக்கொடுத்த அதே வரலாறு நாளைக்கு உங்கள் பிள்ளையைக் காப்பாற்றும்.

கடைசியாக ஊர்ப் பயணம். டிசம்பரில் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே கிளம்பினால் டிக்கெட் மலிவு. ஆனால் ஆகஸ்டில் தொடங்கும் பல மாவட்டங்களில் அந்த வாரம்தான் செமஸ்டர் தேர்வு. பொங்கலை முடித்துக்கொண்டு வரலாம் என்று ஜனவரியிலும் பத்து நாள் இழுத்தால், 180 பள்ளி நாளில் 18 நாள் என்ற கோடு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் வந்துவிடும். அதைத் தொட்டால் நாட்பட்ட வராமை என்று பதிவாகும். மாநிலம் பள்ளிக்குப் பணம் தருவதும் வருகைக் கணக்கை வைத்துத்தான், எனவே அலுவலகத்தில் இனிமையாகப் பேச மாட்டார்கள். விடுப்பு தவிர்க்க முடியாதது என்றால் போவதற்கு முன்பே விடுபடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதையும் பிள்ளைதான் கேட்க வேண்டும். தாளின் இரண்டாம் பக்கத்தில் இதற்கென்று ஒரு பத்தி இருந்தது. நான் சென்னையில் போய் இறங்கிய பிறகு படித்தேன்.

அன்புடன்,
இன்னும் மூன்று வருடத்தில் இளையவனுக்காக மறுபடியும் இதே தாளில் கையெழுத்துப் போடப்போகும் ஓர் அப்பா